கொழும்பில பார்ட் டைம் எம்பிஏ: 9 லட்சத்தில எனக்கு உண்மையா வேலை செய்த ஒரே ஒரு மொடியூல்

கன நாளா எழுதோணும் எண்டு நினைச்சுக் கொண்டிருந்தது. எம்பிஏ செய்யலாமோ, செய்தா பிரயோசனம் இருக்குமோ எண்டு மாசத்தில ரெண்டு பேராவது எனக்கு மெசேஜ் போடுறாங்க. ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் நோட் அனுப்பிக் களைச்சுப் போனன், அதால எல்லாத்தையும் இங்க ஒரேயடியா எழுதுறன். நீளமாத் தான் வரும், பொறுமையா வாசியுங்க.

படிச்ச இடத்தின்ர பேரைப் போடேல்ல. அங்க எனக்கு நல்லதும் நடந்தது, மனவருத்தமும் நடந்தது, மனவருத்தத்தைப் பேரோட எழுத விருப்பமில்ல. மற்றது, கொழும்பில வெளிநாட்டு யூனிவர்சிட்டியோட சேர்ந்து எம்பிஏ நடத்துற எந்த இடத்துக்குப் போனாலும் ப்ரொஷரில "பர்சனல் டிவலப்மென்ட்", "செல்ஃப் அவெயார்னெஸ்", "கரியர் பிளானிங்" எண்டு ஏதாவது ஒரு பேரில ஒரு மொடியூல் இருக்கும். எல்லாரும் அதைச் சும்மா க்ரெடிட்டுக்கு எண்டு தான் நினைக்கிறது, நானும் அப்பிடித் தான் நினைச்சன். இந்த ரிவியூ பெரும்பாலும் அந்த மொடியூலைப் பற்றித் தான்.

முதல்ல நான் எங்க நிண்டு கதைக்கிறன் எண்டு தெரியோணும். எனக்கு 35 வயசு. ஒரு ஷிப்பிங் கொம்பனியில அக்கவுண்ட்ஸ் வேலை. பள்ளிக்கூடத்தில ஏ.எல் கொமர்ஸ், பிறகு சீமா எண்ட அக்கவுண்டிங் படிப்பு, பிறகு வேலை, வேற பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்ல. 1995இல சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமத்தில இருந்து சனம் முழுக்க வெளிக்கிட்டபோது எனக்கு 5 வயசு, அப்பாட சைக்கிள் பாரில இருந்து போனது மட்டும் ஞாபகம். அங்க இங்க இருந்து கடைசியா வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தம். "கணக்குப் படிச்சா எந்த ஊருக்கு ஓடினாலும் சோறு கிடைக்கும்" எண்டு அப்பா சொல்லுவார். அவர் இப்ப இல்ல. அவர் சொன்னது பிழையும் இல்ல, நானும் அம்மாவும் தங்கச்சியும் அந்தக் கணக்கில தான் சாப்பிட்டம். ஆனா அது என்ர விருப்பமா அவரோட பயமா எண்டு நான் ஒருக்காலும் கேட்டுப் பார்க்கேல்ல, இந்தக் கோர்ஸுக்குப் போகும் வரைக்கும்.

சேர்ந்தது 2023 தொடக்கத்தில. அந்த நேரம் கொழும்பு எப்பிடி இருந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முதல் வருசம், 2022 மார்ச்சில 200 ரூபா நிண்ட டொலர் மே மாசத்துக்குள்ள 360க்குப் போய், பெட்ரோல் கியூவில நிண்டு நிண்டு சனம் வெறுத்துப் போயிருந்த நேரம், 2023 ஜனவரியில இருந்து மாசம் 1 லட்சத்துக்கு மேல எடுக்கிற ஆக்களுக்கு வரி, படிப்படியா ஏறி 36 சதவீதம் வரைக்கும். ஒஃபிஸில பக்கத்து மேசைக்காரர் ஒவ்வொருத்தரா கனடா, ஒஸ்ட்ரேலியா, டுபாய் எண்டு போய்க் கொண்டிருந்தாங்க. நானும் ஏதாவது செய்யோணும் போல இருந்தது, என்ன எண்டு தெரியாது, எம்பிஏ ஃபோர்ம் நிரப்பினன். அதைத் தவிர வேற காரணம் ஒண்டும் இருக்கேல்ல. இன்டர்வியூவில "லீடர்ஷிப்" எண்டு சொன்னன்.

ஃபீஸ் எல்லாம் சேர்த்து 9 லட்சத்துக்குக் கிட்ட, மூண்டு தவணை. சனிக்கிழமை பின்னேரம் ரெண்டு மணியில இருந்து எட்டு மணி, ஞாயிறு காலமை எட்டரையில இருந்து ஒண்டரை. கட்டடம் நல்லது, ஏசி சரியான குளிர், சோல் கொண்டு போங்க. கன்டீனில ப்ளேன்டீயும் ஃபிஷ் ரோல்ஸும் பரவாயில்ல. இரவு எட்டு மணிக்கு முடிய காலி வீதியில 100 பஸ்ஸைப் பிடிச்சா சனிக்கிழமை எண்டபடியா இருக்கக் கூட இடம் கிடைக்கும், பொம்பிளைப் பிள்ளைகள் கேட்பீங்க எண்டு சொல்லுறன், பயமில்ல.

ஃபினான்ஸ், மார்க்கெட்டிங், ஒபரேஷன்ஸ், ஸ்ட்ரட்டஜி எல்லாம் சீமா முடிச்ச ஆளுக்குப் பாதிக்கு மேல தெரிஞ்சது தான். எஞ்சினியராவோ டொக்டராவோ இருந்து மனேஜ்மென்ட் பக்கம் வாற ஆக்களுக்கு நல்ல பிரயோசனம், எங்கட பாட்சில அப்பிடி ஒரு பத்துப் பேர் இருந்தாங்க, அவங்களுக்கு பலன்ஸ் ஷீட் விளங்கின நாள் ஒரு திருவிழா மாதிரி. கேஸ் ஸ்டடி கலந்துரையாடல் நல்லா இருக்கும், லெக்சரரைப் பொறுத்து. அதுக்கு மேல இதில எழுத ஒண்டும் இல்ல.

இனி அந்த மொடியூல். ரெண்டாவது செமஸ்டர், பத்து வாரம், ரெண்டே ரெண்டு க்ரெடிட், எக்ஸாம் இல்ல.

முதல் வகுப்பில மிஸ் வந்து எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "உங்களில எத்தனை பேர் வெளிநாடு போறதுக்கு ஏதாவது ஒரு ஃபோர்ம் நிரப்பி வச்சிருக்கிறீங்க? கை உயர்த்துங்க." 31 பேரில பாதிக்கு மேல கை போனது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கொண்டம், பக்கத்தில இருக்கிறவரும் அப்பிடித் தான் எண்டு தெரிஞ்ச உடனே ஏதோ ஒரு பாரம் குறைஞ்ச மாதிரி. மிஸ் சொன்னா, அப்ப நாங்க கரியர் பிளானிங் எண்டு கதைக்கப் போறது இதைத் தான், சிலபஸில இல்லாட்டியும். அந்த இடத்திலயே எனக்கு அவவில ஒரு மரியாதை வந்திட்டுது. அவ லெக்சரிங்குக்கு வர முதல் கன வருசம் கார்மென்ட் ஃபக்டரியில எச்ஆர் பார்த்தவ, அதால புத்தகத்துக்கும் ஆக்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

முதல் ரெண்டு வாரம் டெஸ்டுகள். எம்பிடிஐ எண்டு, ஆளின்ர குணத்துக்கு நாலு எழுத்து வாற டெஸ்ட் எல்லாருக்கும் தெரியும் தானே, லிங்க்ட்இன்ல கூட ஆக்கள் போடுறாங்க. கார்ல் யுங் எண்ட உளவியலாளர் 1921இல எழுதின கருத்தை எடுத்து, கத்ரின் பிரிக்ஸ் எண்ட அம்மாவும் இசபெல் மையர்ஸ் எண்ட மகளும் உருவாக்கினது, ரெண்டு பேரும் உளவியல் படிச்ச ஆக்கள் இல்ல. 16 வகை மனுசர். எனக்கு முதல் தரம் ஐஎன்டிஜே வந்தது. சந்தோசமா வீட்ட போய் வாசிச்சு வாசிச்சுப் பார்த்தன், அட இது நான் தான் எண்டு. கொஞ்ச நாள் கழிச்சு ஒஃபிஸில ஒரு ட்ரெய்னிங்கில அதே டெஸ்டைத் திரும்பச் செய்தா ஐஎஸ்எஃப்ஜே. அதையும் வாசிச்சன், அதுவும் நான் தான்!

மிஸ்ஸிட்ட கேட்டன். அவ போர்ட்டில ஒரு கோடு கீறி நடுவில வெட்டிக் காட்டினா. பெரும்பாலான ஆக்கள் இந்த நடுவுக்குக் கிட்டத் தான் நிற்கிறாங்க, டெஸ்ட் நடுவில வெட்டி இந்தப் பக்கம் ஒரு எழுத்து அந்தப் பக்கம் ஒரு எழுத்து எண்டு குடுக்குது, 51 எடுத்தவரும் 95 எடுத்தவரும் ஒரே எழுத்து, 49 எடுத்தவர் வேற ஆள். அண்டைக்கு உங்களுக்கு நித்திரை குறைஞ்சிருந்தாலே எழுத்து மாறும். அதால தான் ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் எழுத்துக் குடுக்காம ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு அளவு குடுக்கிற பிக் ஃபைவ் மாதிரி டெஸ்டுகளை நம்புறாங்க. எம்பிடிஐ விக்கிற கொம்பனியே ஆள் எடுக்கிறதுக்கு இதைப் பாவிக்க வேண்டாம் எண்டு தான் சொல்லுது. இங்க கொழும்பில சில இடங்களில இன்டர்வியூவில கேட்கிறாங்க எண்டு கேள்விப்படுறன், கேட்டா யோசியுங்க.

டெஸ்டுகளுக்குள்ள என்னை அசைச்சது ஒண்டு தான், கரியர் ஆங்கர்ஸ். எட்கர் ஷைன் எண்டு அமெரிக்காவில எம்ஐடி யூனிவர்சிட்டியில இருந்த பேராசிரியர், 1961இல தொடங்கி அங்க படிச்சு வெளிய போன 44 பேரைப் பத்துப் பன்னிரண்டு வருசம் கழிச்சுத் திரும்பப் பிடிச்சுக் கதைச்சிருக்கிறார், எந்த வேலை எடுத்தாய், ஏன் விட்டாய் எண்டு. அவர் கண்டது என்ன எண்டா, வேலைகள் மாறினாலும் காரணம் மாறேல்ல, ஒவ்வொருத்தருக்கும் எந்த நெருக்கடியிலயும் விட்டுக் குடுக்க மாட்டன் எண்டு ஒண்டு இருக்குது, அதைத் தான் நங்கூரம் எண்டார். முதல்ல அஞ்சு, பிறகு எட்டாக்கினார்: தொழில் திறமை, நிர்வாகம், சுதந்திரம், பாதுகாப்பு, சொந்தமா ஒண்டை உருவாக்கிறது, சேவை, சவால், வாழ்க்கை முறை. 40 கேள்வி.

எனக்குப் பாதுகாப்பு முதலாவதா வந்தது. மற்ற எல்லாத்தையும் விட எவ்வளவோ மேல. எனக்கு வெக்கமாப் போட்டுது. வகுப்பில முக்கால்வாசிப் பேர் "சவால்", "சொந்தத் தொழில்" எண்டு சொல்லிக் கொண்டிருக்கிற இடத்தில நான் பேப்பரைக் கவிட்டு வச்சிட்டன்.

எங்கட ஒஃபிஸ் ஜன்னலால பார்த்தா கடல் தெரியும். ஹார்பருக்குள்ள விட இடமில்லாத நேரம் கப்பலுகள் வெளிய நங்கூரம் போட்டு நிற்கும், இரவில மரீன் டிரைவில நிண்டு பார்த்தாலும் லைட் லைட்டா வரிசையாத் தெரியும். அந்தக் கிழமை முழுக்க அதைத் தான் பார்த்துக் கொண்டிருந்தன். நங்கூரம் போட்ட கப்பல் காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பும், நாள் முழுக்கச் சுத்தும், ஆனா விலகிப் போகாது. அஞ்சு வயசில சைக்கிள் பாரில இருந்து வந்த பிள்ளைக்குப் பாதுகாப்பு முதலாவதா வராம வேற என்ன வரும் எண்டு எனக்கே நான் சொல்ல ஒரு கிழமை எடுத்தது.

அடுத்தது ஜேர்னல். கிழமைக்கு ஒரு பக்கம் உங்களைப் பற்றி எழுதிக் குடுக்கோணும், இங்கிலிஷில. இது தான் இந்த ரிவியூவில நான் முக்கியமாச் சொல்ல வந்தது.

என்ர இங்கிலிஷ் மோசமில்ல. பதின்மூண்டு வருசமா ரிப்போர்ட் எழுதுறன். ஆனா என்னைப் பற்றி எழுத உக்காந்தா வாறது எல்லாம் சீவியில இருக்கிற வசனம். நான் ரிசல்ட்ஸுக்காக வேலை செய்யிற ஆள், நான் டீம் பிளேயர், என்ர பலவீனம் நான் பர்ஃபெக்ஷனிஸ்ட். மூண்டு கிழமை அப்பிடியே எழுதிக் குடுத்தன், நல்ல மார்க்ஸும் வந்தது. நாலாவது கிழமை மிஸ் முழுப் பேரின்ர ஜேர்னலையும் கொண்டு வந்து மேசையில வச்சிட்டு, "31 பேரில 25 பேர் ஒரே ஆள்" எண்டா. யாரும் ஒண்டும் சொல்லேல்ல. பிறகு அவ சொன்னா: "நீங்க அம்மாவோட சண்டை பிடிக்கிறது எந்த மொழியில? அந்த மொழியில முதல்ல எழுதுங்க. எனக்குக் காட்ட வேண்டாம். அதில காட்ட விருப்பமானதை மட்டும் பிறகு இங்கிலிஷில தாங்க."

அண்டைக்கு இரவு நான் தமிழில எழுதினன். ஏ.எல் முடிச்சாப் பிறகு தமிழில நாலு வரிக்கு மேல கையால எழுதினதே அண்டைக்குத் தான், எழுத்தே கோணல். முதல் வரி "எனக்குக் களைப்பா இருக்குது" எண்டு வந்தது. ரெண்டாவது வரி அப்பாவைப் பற்றி. ஒரு மணித்தியாலம் நிறுத்தாம எழுதினன், அழுகையும் வந்தது. மூண்டு கிழமையா இங்கிலிஷில எழுதின மூண்டு பக்கத்தில "அப்பா" எண்ட சொல் ஒரு இடத்திலயும் இல்ல. எங்கட குரூப்பில இருந்த சிங்களப் பிள்ளையும் அதையே தான் சொன்னா. அவங்க இங்கிலிஷைக் கடுவ எண்டு சொல்லுவாங்க, வாள் எண்டு அர்த்தம், தெரியாதவனை வெட்டும். தெரிஞ்ச எங்களுக்கு அது ஒரு கவசம் மாதிரி வேலை செய்திருக்குது, அதுக்குள்ள நிண்டு கொண்டு நாங்க எங்களையே பார்க்கேல்ல.

ஆகவே நீங்க எந்த இடத்தில இந்த மாதிரிக் கோர்ஸ் செய்தாலும் சரி, யாரும் சொல்லாட்டியும் முதல் கையெழுத்துப் பிரதியைத் தமிழில எழுதுங்க. நான் படிச்சதிலயே ஆகப் பெரிய வித்தியாசம் இது தான் செய்தது.

பிறகு ஜோஹாரி விண்டோ. 1955இல ஜோசஃப் லுஃப்ட், ஹரிங்டன் இங்கம் எண்ட ரெண்டு பேர் போட்ட படம், ஜோவும் ஹரியும் சேர்ந்து ஜோஹாரி. நாலு கண்ணாடி வச்ச ஜன்னல். எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும் ஒண்டு, எனக்கு மட்டும் தெரிஞ்சு நான் மறைக்கிறது ஒண்டு, ரெண்டு பேருக்கும் தெரியாதது ஒண்டு, மற்றது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கடைசியாச் சொன்னதைத் திறக்க வேற வழியே இல்ல, போய்க் கேட்கோணும். ஆறு பேரிட்டக் கேட்டுக் கொண்டு வரச் சொன்னாங்க, ரெண்டு பேர் எங்களுக்குக் கீழ வேலை செய்யிற ஆக்களா இருக்கோணும், ஒருத்தர் வீட்டு ஆள்.

எனக்கு இது சரியான கஷ்டமா இருந்தது. எங்கட சனத்தில யார் யாரிட்ட இப்பிடிக் கேட்கிறது? கேட்டா ஏதோ வருத்தம் வந்திட்டுது எண்டு நினைப்பாங்க. ரெண்டு கிழமை தள்ளிப் போட்டன். கடைசியில ஒஃபிஸில எனக்குக் கீழ இருக்கிற தம்பியை டீ குடிக்கக் கூட்டிக் கொண்டு போய்க் கேட்டன். மார்க்ஸுக்குத் தேவை, உண்மையைச் சொல்லு, ஒண்டும் நினைக்க மாட்டன் எண்டு. அவன் கனநேரம் கப்பையே பார்த்துக் கொண்டிருந்திட்டு, "அக்கா, நீங்க விளங்கப்படுத்தினா வேற ஆரும் விளங்கப்படுத்தின மாதிரி இல்ல, அப்பிடி விளங்கும். புதுசா வாற ஆக்களை நாங்க உங்களிட்டத் தான் அனுப்பிறது. ஆனா நாங்க கேள்வியைக் கேட்டு முடிக்க முதலே நீங்க பதிலைச் சொல்லிடுவீங்க. பிறகு கேட்க வந்ததை விட்டிட்டுப் போயிடுவம்" எண்டான். நல்லதும் குத்தலும் ஒரே மூச்சில. ரெண்டும் எனக்குத் தெரியாது.

அம்மாவிட்டக் கேட்க, "என்ன விசர்க் கேள்வி, போய்ச் சாப்பிடு பிள்ளை" எண்டா. அதோட விட்டிட்டன். ரெண்டு நாள் கழிச்சு முருங்கைக்கீரை ஆய்ஞ்சு கொண்டிருக்கேக்க, நிமிர்ந்து பார்க்காம, "அப்பா போனாப் பிறகு நீ ஆருக்கும் ஏலாது எண்டு சொல்லி நான் கேட்டதில்ல" எண்டா. அவ்வளவு தான். நான் ஃபோனை எடுத்து டைப் பண்ணி வச்சன், கை நடுங்கினது. இந்த ஒரு வசனத்துக்கு நான் 9 லட்சமும் குடுப்பன்.

கடைசி மூண்டு ஞாயிறும் அஞ்சஞ்சு பேரா இருத்திக் கதைக்க விட்டாங்க. ஸ்டான்ஃபோர்ட் பிஸ்னஸ் ஸ்கூலில இதே மாதிரிச் சின்னக் குரூப்பில இருந்து ஒருத்தருக்கு ஒருத்தர் முகத்துக்கு நேர சொல்லப் பழகிற ஒரு கோர்ஸ் பல பத்து வருசமா நடக்குதாம், "டச்சி ஃபீலி" எண்டு பட்டப் பேர், அங்க எல்லாரும் அடிபட்டு எடுக்கிற எலெக்டிவ். எங்கட குரூப்பில ஒரு விதி தான், அட்வைஸ் சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். எங்கட ஆக்களுக்கு அட்வைஸ் சொல்லாம இருக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு அண்டைக்குத் தான் கண்டன். பழைய சோனகத் தெருவில ஹார்ட்வெயார் கடை வச்சிருக்கிற குடும்பத்து முஸ்லிம் நானா (அண்ணா) ஒருத்தர் இருந்தார், கடையை விட்டிட்டு கோர்ப்பரேட் வேலைக்குப் போகத் தான் எம்பிஏக்கே வந்தவர். மூண்டாவது ஞாயிறு ஒருத்தர் அவரிட்ட "கடையில உங்களுக்கு எது பிடிக்கும்?" எண்டு கேட்க, மனுசன் இருபது நிமிசம் ஆணி, வயர், பெயின்ட் எண்டு கண் மின்னக் கதைக்கிறார். கடைசியில பார்த்தா பிரச்சினை கடை இல்ல, 41 வயசாகியும் வாப்பா காசு லாச்சிச் சாவியைக் குடுக்கேல்ல. அந்தக் கிழமையே போய் வாப்பாவோட கதைச்சிருக்கிறார். இப்பவும் அந்தக் கடையில தான் இருக்கிறார், சாவி அவரிட்ட.

இனிக் குறைகள்.

முதலாவது, ஜேர்னலுக்கு 40 மார்க்ஸ். மனசைத் திறந்து எழுது, நான் மார்க்ஸ் போடுறன் எண்டா யார் திறப்பாங்க? நடிப்பாங்க. மிஸ் அந்தத் தமிழ் சிங்கள விசயத்தைச் சொல்லாட்டி எல்லாமே நடிப்பாப் போயிருக்கும். அது அவவோட சொந்த யோசனை, சிலபஸில இல்ல, அடுத்த பாட்சுக்கு வேற ஆள் வந்தா இருக்காது. இது நிர்வாகம் யோசிக்க வேண்டிய விசயம், நான் ஃபீட்பேக் ஃபோர்மிலயும் எழுதிக் குடுத்தன்.

ரெண்டாவது, ப்ரொஷரில நாலு தரம் தனிப்பட்ட கரியர் கோச்சிங் எண்டு போட்டிருந்தது. கிடைச்சது ஒரு தரம், இருபது நிமிசம். வந்தவர் என்ர சீவியை மேலோட்டமாப் பார்த்திட்டு லிங்க்ட்இன் ஃபோட்டோவை மாத்துங்க எண்டார், பெரிய கொம்பனிகளுக்கு மாறுங்க எண்டார். என்ர நங்கூரம் பேப்பரைக் காட்டினன், அதை அவர் தொடவே இல்ல. மிச்ச மூண்டையும் கேட்டு ரெண்டு ஈமெயில் போட்டன், டைம்டேபிள் பார்த்துச் சொல்லுறம் எண்டு ஒரு பதில், அதோட சரி. காசு குடுத்து எடுக்கிற சேவையில இப்பிடிச் செய்யிறது சரியில்ல. கனக்கப் பேர் கடன் எடுத்துத் தான் இந்த ஃபீஸைக் கட்டுறாங்க.

மூண்டாவது குறை கொஞ்சம் ஆழமானது. அஞ்சு வருசத் திட்டம் போட ஒரு ஃபோர்மட் தந்தாங்க, வெளிநாட்டு யூனிவர்சிட்டியில இருந்து வந்தது. ஸ்கில்ஸ், நெட்வொர்க், கோல்ஸ், டைம்லைன். அம்மாவை எங்க எழுதுறது? தங்கச்சின்ர படிப்பை, வீட்டு லோனை, அண்ணா ஒருத்தர் லண்டனில இருந்து அனுப்பிறாரா இல்லையா எண்டதை எந்தப் பெட்டியில போடுறது? எங்கட பாட்சில ஒருத்தரும் தனக்கு மட்டும் கரியர் பிளான் பண்ணேல்ல, ஒவ்வொருத்தரும் குறைஞ்சது மூண்டு பேருக்குச் சேர்த்துத் தான் பிளான் பண்ணிக் கொண்டிருந்தாங்க. அதைப் பலவீனம் எண்டு அந்த ஃபோர்மட் சொல்லாமச் சொல்லுது. நான் பேனையால ஒரு கோடு கீறி "வீடு" எண்டு ஒரு பத்தி போட்டன், பக்கத்தில இருந்த மூண்டு பேரும் பார்த்திட்டு அதையே செய்தாங்க.

சரி, இதால என்ன நடந்தது எண்டு கேட்பீங்க.

2024 பெப்ரவரி. செங்கடலில கப்பலுகளை அடிக்கத் தொடங்கி, எல்லாம் ஆபிரிக்காவைச் சுத்தி வர, கொழும்பு ஹார்பரில வேலை கூடிட்டுது, எங்கட கொம்பனியிலயும் புதுசா ஆக்களை எடுத்தாங்க. அப்ப பொஸ் கூப்பிட்டு அசிஸ்டன்ட் ஃபினான்ஸ் மனேஜர் போஸ்ட் தாறன் எண்டார். பழைய நான் எண்டா வாய் திறக்க முதலே ஓம் எண்டிருப்பன். அண்டைக்கு, ஒரு நாள் தாங்க சேர் எண்டு கேட்டிட்டு வந்து இரவு தமிழில எழுதிப் பார்த்தன். அடுத்த நாள் போய், எனக்கு அந்தப் போஸ்ட் ஏலாது, புதுசா வாற ஆக்களைப் பழக்கிற வேலையைத் தாங்க, இப்ப அதை ஒருத்தரும் ஒழுங்காச் செய்யேல்ல எண்டு சொன்னன். ஏலாது எண்ட சொல்லைச் சொல்லேக்க தொண்டை காய்ஞ்சு போச்சுது. அவர் ஒரு கிழமை எடுத்து, சம்பளம் இப்போதைக்குக் கூட்ட மாட்டன், ஆனா செய்து பாருங்க எண்டார்.

மனேஜ்மென்ட் பற்றி எழுதின பீட்டர் ட்ரக்கர் சொல்லிக் குடுத்த ஒரு பழக்கம் வகுப்பில படிச்சது. பெரிய முடிவு ஒண்டு எடுத்தா, அதால என்ன நடக்கும் எண்டு எதிர்பார்க்கிறீங்களோ அதை அண்டைக்கே எழுதி வைக்கோணும், ஒன்பது மாசமோ பன்னிரண்டு மாசமோ கழிச்சுத் திறந்து நடந்ததோட ஒப்பிட்டுப் பார்க்கோணும். தொடர்ந்து செய்தா உங்கட கணிப்பு எங்க சரி, எங்க பிழை எண்டு தெரிய வருமாம். ஒரு சீஆர் கொப்பி வாங்கி எழுதினன். நவம்பரில திறந்து பார்த்தன். சம்பள வித்தியாசம் உறுத்தாது எண்டு எழுதியிருந்தன், பிழை, உறுத்தினது, தங்கச்சிக்குச் செமஸ்டர் ஃபீஸ் கட்டின மாசம் நல்லாவே உறுத்தினது. ஆறு மாசத்தில எனக்குக் கீழ ரெண்டு பேர் வருவாங்க எண்டு எழுதியிருந்தன், ஒருத்தர் தான் வந்தார். அம்மா கோவிப்பா எண்டு எழுதியிருந்தன். அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி, ஓய்வு காலத்துக்குச் சேமிக்கிற இபிஎஃப் பற்றி: "இபிஎஃப் வெட்டுவாங்க தானே?" ஓம் அம்மா, என்ர சம்பளத்தில 8 சதவீதம், கொம்பனி 12 போடும், அது மாறேல்ல எண்டன். சரி எண்டிட்டுப் போயிட்டா. அவவுக்கும் என்ர நங்கூரம் தான் போல.

நான் எழுதாத ஒண்டும் நடந்தது. திங்கக்கிழமை காலமை வயித்துக்குள்ள ஒரு கல்லு இருக்கும், வருசக்கணக்கா இருந்தது, அது வேலையோட சேர்ந்தது எண்டு தான் நினைச்சிருந்தன். எப்ப போனது எண்டே தெரியேல்ல.

சேர யோசிக்கிற ஆக்களுக்கு: பட்டம் தாற யூனிவர்சிட்டி எது, அதை எங்கட யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) ஏற்றுக்கொள்ளுதா எண்டதை காசு கட்ட முதல் நீங்களே பாருங்க, கவுன்டரில சொல்லுறதைக் கேட்டிட்டு இருக்க வேண்டாம். இங்கத்தைய எம்பிஏ எண்டா, இலங்கையில படிப்புகளைத் தரம் பிரிக்கிற எஸ்எல்கியூஎஃப்பில 9ஆ 10ஆ எண்டு கேளுங்க, 10 எண்டா ஆராய்ச்சியும் இருக்கும், பிறகு பிஎச்டி யோசனை இருந்தா அது முக்கியம். கொழும்பு யூனிவர்சிட்டி, ஜயவர்தனபுர யூனிவர்சிட்டியோட சேர்ந்த பிஐஎம் எண்ட மனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட், இவங்களையும் ஒருக்காப் போய் விசாரியுங்க, பிஐஎம் 1986இல இருந்து நடக்குது. பிறகு இந்த மொடியூலைப் பற்றி நேர கேளுங்க: ஆர் எடுக்கிறது, ஜேர்னலை ஆர் வாசிக்கிறது, குரூப்பில எத்தனை பேர், கோச்சிங் எத்தனை தரம், அதை எழுத்தில தருவீங்களா. எங்களிட்ட எழுத்தில இருந்திருந்தா அந்த மூண்டையும் நாங்க விட்டிருக்க மாட்டம்.

புரொமோஷனுக்கு எம்பிஏ கட்டாயம் எண்டு உங்கட கொம்பனி சொன்னா, அல்லது நீங்க வேற துறையில இருந்து மனேஜ்மென்டுக்கு வாறீங்க எண்டா, போங்க, காசு வீண் போகாது. எனக்கு என்ன வேணும் எண்டு தெரியேல்ல, அதைக் கண்டுபிடிக்கத் தான் போறன் எண்டா 9 லட்சம் கட்ட வேண்டாம். இதைக் கட்டின ஆளாத் தான் சொல்லுறன்.

ஏன் எண்டா அந்த மொடியூலை மட்டும் மிஸ் இப்ப தனியா ஆறு ஞாயிறுக்கு நடத்துறா, 38,000 ரூபா, மார்க்ஸும் இல்ல, சேர்டிஃபிகேட்டும் இல்ல, ஜேர்னலை ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க, எந்த மொழியிலயும் எழுதலாம். ஒரு தரத்துக்கு 15 பேர் தான். தங்கச்சி டிகிரி முடிச்சிட்டு என்ன செய்யிறது எண்டு தெரியாம நிற்கிறா, போன கிழமை அவவின்ர பேரைக் குடுத்தன். சீஆர் கொப்பி ஒண்டும் வாங்கிக் குடுத்திருக்கிறன். ஆறு பேரிட்டக் கேட்கோணும் எண்டு சொன்ன உடனே, "அக்கா, முதலாவதா உன்னட்டத் தான் கேட்பன், யோசிச்சு வை" எண்டா. நாலு நாளா யோசிச்சுக் கொண்டிருக்கிறன்.